குழாய் வெடித்தால் பணம் உண்டு, கசிந்தால் கிடையாது: பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பிளாக்கில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏங்க, வீடு என்ன தீப்பிடிக்கவா போகுது?" 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் தரைத்தளத்தில் இருந்து பார்த்த சென்னையின் வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். மாடியில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தைரியம். தண்ணீர் என்றால் தெருவிலிருந்து ஏறித்தான் வரும் என்று நினைப்பு. முகப்பேரில் எங்கள் முதல் மாடி வீட்டுக்குத் தண்ணீர் மேலிருந்து வந்தது. அதுவும் ஒரு சொட்டு மழை இல்லாத சித்திரை மாதத்தில்.

அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த விமர்சனம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஏனென்றால் இந்தப் பாலிசி எங்கே வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த பொதுப் பாலிசி இது. 2021 ஏப்ரல் 1 முதல், தீக்காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்கு இதைத் தர வேண்டும். பிரீமியமும் சேவையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு பார்ப்பது என் வேலை. பொடி எழுத்தைப் படிப்பது பழகிப்போனது. வீட்டுக் கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்தபோது, கூடவே பேங்க் எடுத்து வைத்திருந்த இன்சூரன்ஸும் முடிந்துவிட்டது தெரிந்தது. இங்கே ஒரு விஷயம்: கடன் வாங்கும்போது பேங்கில் இரண்டு விதமான இன்சூரன்ஸ் விற்பார்கள். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துபோனால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. இன்னொன்று கட்டடத்துக்கானது. முதலாவதை எடுத்துவிட்டு "எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். இரண்டாவது இருந்தாலும், பெரும்பாலும் அது கட்டடத்துக்கு மட்டும் எழுதப்பட்டு, பேங்கின் பாதுகாப்புக்காக இருக்கும். பீரோவில் போட்டு வைத்த அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டின் கார்ப்பெட் ஏரியா 780 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தோம். ஆக 15 லட்சத்து 60 ஆயிரம். "ஃபிளாட் 60 லட்சம் போகும், நீங்க 15 லட்சத்துக்கு எழுதியிருக்கீங்களே" என்று ஒருவர் பதறினார். 60 லட்சத்தில் பாதிக்கு மேல் மண்ணின் விலை. மண் எரியாது, ஒழுகாது. திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதற்குத்தான் இந்தப் பாலிசி. அதற்கு மேல் எழுதினால் பிரீமியம்தான் வீண்.

கட்டடத்துக்கு எழுதினால், வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம் தானாகவே சேர்ந்துவிடுகிறது, அதிகபட்சம் 10 லட்சம் வரை. எங்களுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம். தனியாகப் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. போதாது என்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து எனக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது, ஜி.எஸ்.டி. உட்பட. (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தச் சலுகை வீட்டுக் காப்பீட்டுக்கு வரவில்லை, 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.) பத்து வருஷம் வரை ஒரே கட்டாக எடுக்கலாம். அப்படி எடுத்தால் கட்டடத்தின் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. பழைய தீக்காப்பீட்டில் 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு எழுதியிருந்தால், ஒரு லட்சம் ரூபாய் சேதத்துக்கு 50 ஆயிரம்தான் தருவார்கள். குறைத்து எழுதியதற்கு அப்படி ஒரு வெட்டு. இந்தப் பாலிசியில் அந்த வெட்டையே எடுத்துவிட்டார்கள். எழுதிய தொகைக்குள் இருக்கும்வரை சேதம் எவ்வளவோ அவ்வளவு. சாதாரண ஜனங்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

பாலிசியில் தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம் என்று நீளும் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: தண்ணீர்த் தொட்டி, சாதனம், குழாய் ஆகியவை வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ ஏற்படும் சேதம். சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நிலநடுக்கத்தைவிட இந்த வரிதான் முக்கியம். போர் தண்ணீரின் உப்பு என்ன செய்யும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆங்கிள் காக்குக்குள்ளும் ஹோஸ் நட்டுக்குள்ளும் நடப்பது தெரிவதில்லை. எண்பதுகளில், தொண்ணூறுகளில் கட்டிய பிளாக் என்றால் சுவருக்குள் ஜி.ஐ. இரும்பு பைப் துருவேறிக் கிடக்கும். புது ஃபிளாட்டில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் இருக்கும், கூடவே பிரஷர் பம்ப் இருக்கும். அது நாள் முழுக்க ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் வேலையைக் காட்டியது அந்தப் பைப்புகள் எதுவும் இல்லை. மேல் வீட்டு அட்டாச்டு பாத்ரூமின் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ். முந்நூறு ரூபாய்ச் சாமான். கைப்பிடியில் விரலை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடுவதால் யாரும் சுவரில் இருக்கும் வால்வை மூடுவதில்லை. மொட்டை மாடித் தொட்டியின் மொத்த அழுத்தமும் அந்த மெல்லிய ஹோஸுக்குள் இருபத்து நாலு மணி நேரமும் நிற்கிறது. மேல் வீட்டில் இருப்பவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். திருநெல்வேலிப் பக்கம் ஊரில் அம்மன் கோயில் கொடை என்று குடும்பத்தோடு போயிருந்தார். இரவு எப்போதோ ஹோஸ் பிய்த்துக்கொண்டது.

பாத்ரூம் வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் அவருடைய படுக்கையறைக்குள் வந்து, அங்கிருந்து வழி தேடியிருக்கிறது. கான்கிரீட் தளம் தண்ணீரைத் தடுக்கும் என்பது நம் நம்பிக்கை. ஒயர் போகும் கண்ட்யூட் குழாய், ஃபேன் கொக்கி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் எல்லாம் அதற்கு வாசல்கள். எங்கள் அறையில் முதலில் ஃபேன் கிண்ணத்திலிருந்து சொட்டியது, அப்புறம் லைட்டிலிருந்து. பார்த்ததும் மெயினை அணைத்தேன். இதைப் பின்னால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கே வரிசையாகக் கேட் வால்வுகள், எது எந்த வீட்டுக்கு என்று எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். அதில் இரண்டு வால்வு துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. ஸ்பேனர் தேடி எடுத்து வருவதற்குள் அறை குளமாகிவிட்டது.

விடிந்து பார்த்தால் கூரையின் பெயின்ட் பை பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே தண்ணீரோடு. பார்ட்டிக்கிள் போர்டு கப்போர்டின் கீழ்ப்பலகை ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி, கதவு மூடவில்லை. இலவம் பஞ்சு மெத்தையைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கப்போர்டின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப் புடவைகளில் சாயம் இறங்கி, கரைக்கு மேலே கறை. ஏ.சி.யின் உள் யூனிட்டைச் சாய்த்தால் தண்ணீர் கொட்டியது.

கம்பெனியின் இலவச எண்ணுக்குக் காலையிலேயே சொன்னேன். எதையும் எறியாதீர்கள், எல்லாவற்றையும் படம் எடுங்கள் என்றார்கள். 2024இல் வந்த விதிகளின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள், சேதத்தை நேரில் வந்து மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, சர்வேயர் மறுநாளே வந்துவிட்டார். மற்ற இரண்டு கெடுவிலும் கம்பெனி சுணங்கியது.

அந்த சர்வேயரைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பாலிசியின் மொத்த சூட்சுமமும் அவர் வேலை பார்த்த விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. சுமார் ஐம்பத்தைந்து வயது, சட்டைப் பையில் டார்ச், கையில் ஈரம் அளக்கும் சின்னக் கருவி. படுக்கையறைக்குள் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொங்கிய பெயின்ட் பையைப் பேனா முனையால் குத்தினார், தண்ணீர் தெளிவாக வடிந்தது. தலையாட்டிக்கொண்டார். ஹாலில் பார்த்தார், எழுதினார். அப்புறம் நான் காட்டாமலேயே எங்கள் பாத்ரூமுக்குள் போய் மேலே டார்ச் அடித்தார்.

"மேடம், இது எத்தனை வருஷமா இருக்கு?"

கூரை மூலையில் ஒரு மஞ்சள் வட்டம். அதற்கு வெளியே இன்னொரு மஞ்சள் வட்டம், நடுவில் கம்பியின் துரு லேசாகச் சிவந்து தெரிந்தது. மேல் வீட்டு பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றிக் கசிகிற பழைய ஓதம் அது.

"அது முன்னாடியே இருக்கறது சார். அன்னைக்கு ராத்திரி அங்கயும் ஊத்துச்சு."

"ஊத்தியிருக்கும். ஆனா இந்த வட்டம் ஒரு ராத்திரில வராது மேடம். காஞ்சு காஞ்சு நனைஞ்சாதான் இப்படி வளையம் விழும். படுக்கையறை முழுசா எழுதறேன். இதை எழுத முடியாது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் பிரித்தார். இந்தப் பாலிசியை வாங்க நினைப்பவர்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவைத்தான். திடீரென்று ஒரு நேரத்தில் நடந்த உடைப்பு, வெடிப்பு, வழிதல் என்றால் பணம் உண்டு. நாள்பட்ட கசிவு, சுவர் ஓதம், டைல்ஸ் இடுக்கில் கிரவுட் போய் இறங்கும் தண்ணீர், தேய்மானம் எல்லாம் பராமரிப்புக் கணக்கு, நம் கைச்செலவு. சென்னை ஃபிளாட்டுகளில் நடக்கும் தண்ணீர்த் தகராறுகளில் முக்கால்வாசி இரண்டாவது வகை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். அசோசியேஷன் கூட்டத்தில் பத்து வருஷமாக மினிட்ஸில் ஏறும் அந்தக் கசிவுக்கு இந்தப் பாலிசி பத்துப் பைசா தராது.

அதனால் திடீரென்று நடந்தது என்பதற்கான ஆதாரம்தான் எல்லாம். பிளம்பர் பிய்ந்த ஹோஸைக் கழற்றியதும் அதை ஒரு கவரில் போட்டு வாங்கி வைத்தேன். என்ன உடைந்தது, எந்தத் தேதியில் மாற்றினார் என்று அவரிடம் எழுதி வாங்கினேன். "எழுதறதெல்லாம் எதுக்குக்கா, ஃபோன்ல சொல்லிக்கலாமே" என்று இழுத்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அசோசியேஷன் செயலாளர் ஒரு கடிதம் கொடுத்தார். லைட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் வீடியோவில் தேதி, நேரம் இருந்தது. சர்வேயர் அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

இப்போது கணக்கு. கூரையைச் சுரண்டி, புட்டி, பிரைமர், இரண்டு கோட்டு பெயின்ட்: 31,000. கப்போர்டு: 46,000. மெத்தை: 9,000. புடவைகளுக்கு டிரை வாஷும் பாலிஷும்: 4,200. ஏ.சி. போர்டு: 8,500. மொத்தம் 98,700 கேட்டேன்.

பெயின்ட்டில் பாத்ரூம் பங்கு 5,500 போனது, சரி. கப்போர்டில் பழைய மரத்தின் பெறுமானம் என்று 1,500 கழித்தார்கள், அதுவும் சரி, நம்மிடம்தானே இருக்கிறது. (பழைய இரும்புக் கடைக்காரர் அதைச் சும்மா கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.) புடவைக்குத் தருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. உடுப்புகள் பொதுச் சாமான்களில் அடங்கும் என்று பாலிசியிலேயே இருக்கிறது. பில்லைக் கேட்டார்கள், காட்டியதும் பணம் கொடுத்தார்கள். நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், பழம்பொருள் இவற்றுக்குத்தான் தனியாக எழுதி, தனி பிரீமியம் கட்ட வேண்டும்.

ஏ.சி.யில்தான் இழுபறி. மின்சாதனம் ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. கம்பெனியின் மெயில் அதைக் காட்டி 8,500ஐ மறுத்துவிட்டது. மெயினை அணைத்தது இங்கேதான் கை கொடுத்தது. சொட்ட ஆரம்பித்தது ஃபேனில், ஏ.சி. இருக்கும் பக்கம் தண்ணீர் வருவதற்கு முன்பே வீட்டில் கரண்ட் இல்லை. என் வீடியோவில் அறை இருட்டு, பேசிக்கொண்டே டார்ச் அடிக்கிறேன். ஏ.சி. மெக்கானிக்கும், போர்டில் எரிந்த தடம் இல்லை, தண்ணீர் ஊறிப் பச்சை பூத்திருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார். கரண்டே இல்லாத இடத்தில் ஷார்ட் சர்க்யூட் எப்படி வரும் என்று கேட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பதில் வராமல் கிடந்தது. கஸ்டமர் கேரில் பேசிய பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து கேட்டார்கள். கடைசியில், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்த பிறகுதான் அந்த 8,500ஐ ஒத்துக்கொண்டார்கள். மொத்தம் 91,700 வந்தது.

அதுவும் நடக்காமல் போயிருந்தால் தேனாம்பேட்டைக்குப் போயிருப்பேன். அண்ணா சாலையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் புகார்களைக் கட்டணம் இல்லாமல் விசாரிக்கிறார்கள், வக்கீல் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுதி, அவர்கள் மறுத்த பிறகோ ஒரு மாதம் பதிலே சொல்லாமல் இருந்த பிறகோதான் அங்கே போக முடியும். தீர்ப்பு வந்தால் கம்பெனி அதை மீற முடியாது.

இந்தப் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, மேல் வீட்டோடு சண்டை வராதது. இதே பிளாக்கில் தண்ணீர்க் கசிவால் பேச்சு வார்த்தை நின்று, லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்க பைப், உங்க தப்பு, நீங்க கொடுங்க என்று ஆரம்பித்தால் அது முடியாது. என் சேதத்துக்கு என் பாலிசி பணம் தருகிறது, யாருடைய ஹோஸ் என்பது எனக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. கொடுத்த பணத்தைக் காரணமானவரிடம் வசூலிக்கச் சட்டப்படி கம்பெனிக்கு உரிமை உண்டு, சர்வேயரும் மேல் வீட்டு விவரத்தைக் குறித்துக்கொண்டார். ஆனால் யாரும் அவரிடம் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். திருட்டு இதில் கிடையாது. வெள்ளமோ தீயோ போன்ற ஒரு சேதம் நடந்து, அதன் தொடர்ச்சியாக 7 நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டும் உண்டு. சாதாரணக் கன்னக்கோல் திருட்டுக்குத் தனிப் பாலிசியோ, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆனோ வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ் தானாகக் கெட்டுப்போனாலும் இதில் வராது. அரசு நிறுவனங்கள் ரொம்ப காலமாக விற்கும் ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜில் அவை தனித்தனிப் பிரிவுகளாக வரும், பிரீமியம் அதற்கேற்பக் கூடும். சுவருக்குள் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க டைல்ஸை உடைக்கும் செலவுக்கும் பாலிசியில் தனித் தலைப்பு இல்லை. சென்னையில் ஒரு பிளம்பர் "இங்கதான் இருக்கும்" என்று சொல்லி மூன்று இடத்தில் உடைப்பார் என்பதை யோசித்தால் இது சின்னக் குறை இல்லை. இடிபாடுகளை அகற்றுவதற்குச் சேதத் தொகையில் 2 சதவீதம் வரையும், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருகிறார்கள். குடியிருக்கவே முடியாமல் போனால், பழுது பார்க்கும் காலத்துக்கு வேறு வீட்டு வாடகையும் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை, ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் என் தம்பிக்குச் சாமான்களுக்கு மட்டும் எழுதி வாங்கிக் கொடுத்தேன். சில நூறு ரூபாய்தான். "பைப் ஓனருதுக்கா, அவர்தானே பாத்துக்கணும்" என்றான். பைப் ஓனருடையது, உண்மை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது: குழாய் மாற்றுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஒயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளருடையது. டேப், வாஷர், வாஷ்பேசின், கழிப்பறை, கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவருடையது. ஆனால் ஓனரின் பாலிசி ஓனரின் சுவருக்குத்தான். சிங்க்குக்குக் கீழே ஜாயின்ட் கழன்று இவனுடைய ஃபிரிட்ஜும் புத்தகங்களும் நனைந்தால் அதில் ஒரு ரூபாய் வராது. அதோடு, நீதான் டேப்பை உடைத்தாய் என்று அட்வான்ஸில் கை வைக்க நம் ஊர் ஓனர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இவன் கொடுத்திருப்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மார்க் போடச் சொன்னால் பாலிசிக்கு ஐந்துக்கு நாலு, நான் வாங்கிய கம்பெனியின் சேவைக்கு இரண்டரை. அந்த சர்வேயருக்குத் தனியாக ஐந்து.

இந்த முறை புதுப்பிக்கும்போது வேறு கம்பெனிக்கு மாறினேன். அடிப்படைப் பாலிசியில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன்: என் வீட்டுக் குழாய் உடைந்து கீழ் வீட்டுக்குச் சேதம் ஆனால், அவர்களுக்கு நான் தர வேண்டியதை ஏற்கும் பொறுப்புக் காப்பீடு. எல்லாக் கம்பெனிகளும் இதைத் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். கேட்டபோது ஏஜென்ட்டே ஒரு நிமிஷம் முழித்தார். மேல் வீட்டு சாரும் இப்போது கார்ப்பெட் ஏரியாவை அளந்து பாலிசி வாங்கிவிட்டார், ஊருக்குக் கிளம்பும்போது வால்வை மூடிவிட்டுச் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த ஆட்-ஆனைச் சேர்த்தீர்களா என்று கேட்டேன். "அது எதுக்கும்மா, அதான் உங்ககிட்ட பாலிசி இருக்கே" என்றார்.